மூன்று மறுப்பு மடல்கள்

உச்சி வெயிலின் உறக்கத்தைக் கிழித்துக்கொண்டு ஊர்தியின் ஊதல் ஒலி வாயிலில் இருமுறை எழுந்தது. தெற்கே, திண்டுக்கல் நகரின் நடுவே கவிழ்த்த கொப்பரை போல நின்ற கோட்டைப் பாறை வெந்து வெளிறியிருந்தது. அதற்கும் அப்பால் சிறுமலைத் தொடர் நீலப் புகையாய்க் கரைந்து கிடந்தது. குடகனாற்று மணல் ஈரத்தை மறந்து கண்கூச ஒளிர்ந்தது. காலையில் கொய்தது போக எஞ்சிய மல்லிகை மொட்டுகள் செடியிலேயே வாடித் தொங்கின. தொண்ணூற்றெட்டாம் ஆண்டின் கோடை அது. அகரத்தை அடுத்த அத்தோட்டங்களுக்கு நடுவே கன்னியர் நடத்திவந்த குழந்தைகள் இல்லத்தில், ஊதல் கேட்ட நொடியே ஒரு சிறுமி உண்ட கையைக் கழுவாமல் எழுந்து ஓடினாள்.

ஓடியவள் ரூபி. ஏழு அகவை நிறைந்தவள். தகரப் பெட்டியைத் திறந்து, அக்கோடையில் எவரும் தொடவும் கூசும் செந்நிறக் கம்பளிச் சட்டை ஒன்றை எடுத்து மாட்டிக்கொண்டு, முற்றத்தின் நடுவே வந்து நிமிர்ந்து நின்றாள்.

"வெள்ளைக்காரி கெளம்பிட்டாடி! ஏலே, வழி விடுங்க!" என்று மற்றப் பிள்ளைகள் சோற்றுத் தட்டோடு சிரித்தார்கள்.

சமையற்கட்டிலிருந்து வெளிப்பட்ட ஆயா செபாஸ்தியம்மாள் சிரிக்கவில்லை. அந்தச் சட்டையின் கதையை அவளன்றி யார் அறிவார்? பனி உறையும் வடகடல் நாட்டில், பிள்ளையில்லா இணையர் இருவர், மூன்று அகவையில் எடுத்த ரூபியின் நிழற்படத்தைக் கண்டு, இவளே எம் மகள் என்று எழுதிய நாளில் மடலோடு வந்தது அது. வெறுமையான சிறு கட்டிலின் அருகே அந்த அம்மை நின்றிருந்த படமும் உடன் வந்தது; உன் பிள்ளையை உன்னிடமே சேர்ப்பேன் என்று அப்படத்துக்கு அன்றே வாக்குக் கொடுத்தாள் செபாஸ்தியம்மாள். ஆண்டுகள் நான்கு ஓடின. மடல்கள் போயின, வந்தன, முத்திரைகள் விழுந்தன, நீதிமன்றத்தில் நாள்கள் தள்ளிப் போயின. பிள்ளையோ தாள்களுக்காகக் காத்திராமல் வளர்ந்தாள். சட்டை குட்டையாகும்போதெல்லாம், கிடைத்த நூலைக் கொண்டு கையிலும் விளிம்பிலும் ஒரு பட்டை பின்னிச் சேர்த்தாள் செபாஸ்தியம்மாள். மஞ்சள் ஓர் ஆண்டு, பச்சை ஓர் ஆண்டு, சாம்பல் ஓர் ஆண்டு.

அயல்நாட்டுக்கு ஒரு பிள்ளையை அனுப்புமுன் உள்நாட்டார்க்கு அவளைக் காட்ட வேண்டும்; அவர்கள் மறுத்தால் அம்மறுப்பை எழுத்தில் பெற வேண்டும் என்பது அந்நாளைய ஒழுங்கு. செபாஸ்தியம்மாளின் அச்சம் அங்கேதான் வேர்கொண்டது. தன் இடுப்பில் வளர்ந்து நெய்க்காரப்பட்டி வீடொன்றுக்கு மகளாகச் சென்ற சிறுமியை, பின்னொரு நாள் பழனிப் பேருந்து நிலையத்தில், வேறொருத்தியின் கைக்குழந்தையைச் சுமந்துகொண்டு, முழங்கையில் சூட்டுத் தழும்போடு நிற்கக் கண்டவள் அவள். அன்று இரவு அவள் உண்ணவில்லை. ரூபியை அப்படி ஒரு வாயிலுக்கு விடுவதில்லை என்று சிலுவைமேல் ஆணையிட்டாள்.

ஆகவே இரண்டு பாடங்களைக் கற்பித்தாள். வெள்ளைக்கார அம்மை வந்தால் சட்டையை மாட்டிக்கொண்டு நேராக நிற்க வேண்டும். உள்ளூரார் வந்தால், ஆயா தன் காது மடலைத் தொட்டதும், கண்களை மேலே செருகிக் கைகால்களை வெட்டி இழுத்துத் தரையில் விழ வேண்டும். இல்லத் தலைவியான அல்போன்சா அலுவலறையில் தாள்களைத் திரட்டும் சிறு பொழுதே இதற்குப் போதுமானதாயிற்று.

முதலில் வந்தவர்கள் பிள்ளையின் நிறத்தைக் குறை சொன்னார்கள். அடுத்து வந்தவர்கள், கைக்குழந்தையைத் தூக்கத் தெரியுமா என்று வினவினார்கள். அவ்விரு முறையும் ஆயாவின் விரல் தயங்காமல் காதைத் தொட்டது.

மூன்றாவதாக வந்தவர்கள் வத்தலக்குண்டு ஆசிரியர் இருதயநாதனும் அவர் மனைவி ரோஸ்மேரியும். வந்ததும் பிள்ளையை மடியில் இருத்திக்கொண்ட ரோஸ்மேரி, "இம்புட்டு மெலிஞ்சு கெடக்கியே அப்பு, நேரத்துக்குச் சாப்டுறியா? என்ன வெஞ்சனம் புடிக்கும் ஒனக்கு?" என்று தலை கோதினாள். ரூபி அவள் தோளில் சாய்ந்து, உருளைக்கிழங்கு என்றாள். செபாஸ்தியம்மாளின் கை பாதி எழுந்து நின்றது. நெடும்பொழுது நின்றது. இவர்கள் நல்லவர்கள் என்று நெஞ்சு சொல்ல, வெறுங்கட்டிலருகே நின்றவளுக்குக் கொடுத்த வாக்கு கையைத் தூக்கிற்று. விரல் காதைத் தொட்டது.

பிள்ளை விழுந்தாள். பதறிய ஆசிரியர், வலிப்பு கண்டவர் கையில் இரும்பைத் திணிக்கும் வழக்கப்படி, இடுப்பிலிருந்த தம் வீட்டுத் திறவுகோலையே எடுத்து அச்சிறு கைக்குள் வைத்து அழுத்தினார். ரோஸ்மேரி சுவரைப் பற்றிக்கொண்டு அழுதாள். அவர்கள் போகும்போது, எழுந்து அமர்ந்த பிள்ளையின் விரல்களை ஒவ்வொன்றாய்ப் பிரித்து, வாயில்வரை ஓடித் திறவுகோலைத் திருப்பிக் கொடுத்தவள் செபாஸ்தியம்மாள்தான்.

அது நடந்து இரண்டரை ஆண்டுகள் ஆகிவிட்டன.

இப்போது ஊர்தியிலிருந்து இறங்கினார் அல்போன்சா. ஓட்டுநர் மிக்கேல்ராசு உடன் இறங்கி நிழல் தேடி நின்றார். வேறு யாரும் இல்லை. அல்போன்சாவின் கையில் நீல முத்திரையிட்ட உறை ஒன்று இருந்தது.

"அவங்க இனிமே வரமாட்டாங்க, செபாஸ்தியம்மா."

"என்ன சிஸ்டர் சொல்றீக? கோர்ட்டுலதான் ஆர்டர் போட்டாச்சுன்னு சொன்னீகளே?"

"இங்க போட்டாச்சு. அந்த நாட்டு ஆபீஸ்லதான் விடல. வேண்டாம்னு போன மூணு பேரும் லெட்டர்ல வலிப்புன்னு எழுதிட்டுப் போயிருக்காங்க. நம்ம டாக்டர் இல்லவே இல்லன்னு எழுதுனதையும் நம்பல. அந்த டெஸ்ட் எடு, இந்த டெஸ்ட் எடுன்னே ரெண்டு வருசம் ஓட்டிட்டாங்க. இப்ப அந்தம்மாவுக்கு வயசு தாண்டிருச்சாம். இனி எந்தப் புள்ளையும் குடுக்க மாட்டாங்களாம்."

செபாஸ்தியம்மாள் ஓரடி முன்னே வந்தாள். "வத்தலக்குண்டு வாத்தியாரு... அவுகளக் கேட்டா?"

"கேக்காமயா? வர்ற வழியில அவுக வீட்டுக்குத்தான் போயிட்டு வாரேன். ஆறு மாசப் பொம்பளப் புள்ள தொட்டில்ல கெடக்கு." அல்போன்சா உறையை மடித்தார். "வேண்டாம்னு சொல்றதுக்கு ஒரு சாக்குன்னுதான் இத்தன நாளா நெனச்சேன். மூணு பேரும் ஒண்ணு போலயா பொய் எழுதுவாங்க? இந்த வீட்டுல அவ ஒரு நாளு விழுந்து நான் பாக்கலையே. நீ பாத்திருக்கியா?"

அன்புடையீர், ஓர் உயிரைக் காக்க எழுப்பிய வேலியே அவ்வுயிரைச் சிறைசெய்த நாள்கள் உலகில் பல உண்டு. வேலி கட்டிய கைக்கு அதைப் பிரிக்கும் வன்மை அந்நாளில் இருப்பதில்லை. நெற்றியில் வழிந்த வியர்வையைத் துடைக்க எழுந்த செபாஸ்தியம்மாளின் கை, கன்னத்தில் இறங்கி, காதோரம் தயங்கிற்று.

முற்றத்தில் நின்ற ரூபி, ஊர்தியின் உள்ளே ஒருமுறை எட்டிப் பார்த்தாள். நிழலில் நின்ற மிக்கேல்ராசைப் பார்த்தாள். ஆயாவின் கையைப் பார்த்தாள். வியர்வையில் ஊறிய கம்பளிச் சட்டையைக் கழற்றி மடித்துப் படியில் வைத்தாள். பிறகு ஆயாவுக்கும் அல்போன்சாவுக்கும் நடுவே வந்து நின்று, பாடம் மறவாத பிள்ளையின் குரலில் கேட்டாள்:

"வெள்ளைக்காரம்மா வரலையே ஆயா... அப்ப இன்னிக்கும் நான் விழுகணுமா?"