ஒற்றைக்கால் பூட்ஸ்

1

இந்தக் கதையை ஒரு லீவு லெட்டரிலிருந்து திருடினேன் என்று முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில், வருகையும் லீவும் பார்க்கிற டைம் ஆபீஸில் நான் கிளார்க். 1979இல் தையல் செக்‌ஷன் அம்சவேணி பதினைந்து நாள் லீவு கேட்டு எழுதியிருந்தாள். காரணம்: ‘இந்தியா ஃபுட்பால் டீமில் சேர.’ அதுவரை நான் பார்த்த காரணமெல்லாம் காய்ச்சல், கல்யாணம், காதுகுத்து.

2

தொடக்கத்தை இரண்டு தடவை எழுதிப் பார்த்தேன்.

‘பாலாற்று மணலில் சூரியன் மெல்ல...’ (பாலாற்றைப் பற்றி இப்போது யார் கேட்டார்கள்?)

‘தொட்டிலிலேயே அவள் காலால் உதைத்து...’ (எந்தக் குழந்தைதான் உதைக்காது?)

நேராகவே சொல்கிறேன். அம்சவேணியின் அப்பா ஜோலார்பேட்டையில் ரயில்வே கலாசி. ரயில்வே கிரவுண்டில் ஆண்களோடு ஆடிப் பழகியவள், வலது காலில் நல்ல அடி. மாநில அணிக்கு வெறும் கேன்வாஸ் ஷூவில் ஆடிவிட்டாள். இந்திய அணித் தேர்வு முகாம் கல்கத்தா பக்கம், அதுவும் மழைக்காலத்தில். சேற்றில் ஆணி வைத்த பூட்ஸ் இல்லாமல் நிற்க முடியாது. அவள் சின்னக் காலுக்கு எந்தக் கடையிலும் பூட்ஸ் இல்லை.

3

சாம்பிள் ரூம் லியாகத் அலி பாய் தானே செய்து தருவதாகச் சொல்லி, அவள் வலது பாதத்தைக் காகிதத்தில் வரைந்துகொண்டார்.

[வெளியூர் வாசகருக்கு: வெளிநாட்டுக்காரனுக்குக் காட்டும் மாதிரி ஷூ செய்கிற இடம்தான் சாம்பிள் ரூம். மாதிரிக்கு ஒரு கால் போதும். பாய் இருபது வருஷமாக வலது காலுக்கு மட்டுமே செய்து வந்தவர்.]

ரயிலேறும் நேரத்தில் டப்பாவை நூல் கட்டிக் கொடுத்தார். புதுசு அழுக்காகக் கூடாதென்று முகாமில்தான் பிரித்தாள். உள்ளே அழகான ஒரு பூட்ஸ். வலது கால்.

(‘அழுதாள்’ என்று எழுதி அடித்திருக்கிறேன். சிரித்தேன் என்கிறாள். நான் நம்பவில்லை.)

4

வலது காலால் அடிப்பவருக்கு நிற்கிற கால் இடது. இடதில் கேன்வாஸ். முதல் நாளே இரண்டு தடவை சேற்றில் விழுந்தாள். தேர்வுக்கு ஆறு நாள்தான் இருந்தது, அன்றும் விழுந்தால் திரும்ப ஆம்பூர்தான். அதனால் பூட்ஸ் போட்ட வலது காலில் நின்று, இடது காலால் அடிக்கப் பழகினாள். விடிந்ததும் மைதானத்துச் சுவர்தான் அவளுக்குக் கூட்டாளி.

தேர்வில் இடது ஓரத்திலிருந்து மூன்று பந்துகளை கோல் முகத்துக்கே அனுப்பினாள். அணியில் இடதுகால்காரி ஒருத்திகூட இல்லை, எடுத்துக்கொண்டார்கள். பாய் பிறகு செய்து அனுப்பிய இடது பூட்ஸ் பார்சலில் வந்து சேர்ந்தபோது கால் பழகியிருந்தது. ஆறு வருஷம் இந்தியாவுக்காக இடது ஓரம் ஆடினாள்.

5

எனக்கு வேண்டியது முடிவு.

(அ) தேசியகீதம், அவள் கண்ணில் நீர்... (சினிமா.)

(ஆ) ஒரு மனிதரின் மறதி ஒரு வீராங்கனையை உண்டாக்கியது.

இரண்டாவது எனக்கு ரொம்பப் பிடித்தது. பாய்க்கு அதைவிட. தன்னால்தான் அவள் இந்தியா பிளேயர் ஆனாள் என்று டீக்கடையில் ஏற்கெனவே சொல்லிக்கொண்டிருந்தார்.

இப்போதும் அதே தையல் செக்‌ஷனில்தான் இருக்கிற அம்சவேணிக்கு நேற்று வாசித்துக் காட்டினேன். மெஷினை நிறுத்தினாள்.

“பூட்ஸ மறந்தது பாய். எழுதறது நீங்க. எல்லாருக்கும் பங்கு குடுத்துட்டீங்க சார். ஆறு நாளு, கால் வீங்கற வரைக்கும் அந்த செவுத்துல அடிச்சது யாரு?”

எனக்கு வெட்கமாகிவிட்டது. அவள் எதிரிலேயே (ஆ)வை அடித்தேன். அப்படியென்றால் கதையை எப்படித்தான் முடிப்பது என்று கேட்டேன்.

“இப்பவே இன்னாத்துக்கு முடிக்கிறீங்க? ஞாயித்துக்கிழம வேலூர்ல மேட்ச் ஆடறேன். வந்து பாருங்க.”

நான் போகிறேன். நீங்களும் வாருங்கள், இடது ஓரமாக இடம் பிடித்து வைக்கிறேன். முடிவை அங்கே நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.