அடுப்பும் சுவரும்: கடைசி அரைப் பக்கம்

1

அவன் ஆறு மணிக்கு எழுந்தான். பல் தேய்த்தான். பால் காய்ச்சினான். காபி போட்டு நின்றுகொண்டே குடித்தான். இரண்டு முட்டை வேகவைத்தான். தொட்டியோரம் இருந்த வாணலியில் தண்ணீர் மாற்றினான். மேஜை மேலிருந்த பிளாஸ்டிக் பூக்களை ஈரத்துணியால் துடைத்தான். சட்டைக்கு இஸ்திரி போட்டான். முட்டையைத் தின்றான். எட்டரைக்குக் கதவைப் பூட்டினான். பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்த்தான்.

இது இந்தக் கதையின் மூன்றாவது ஆரம்பம். முதல் ஆரம்பம் 'அவள் போய் ஏழு மாதம் ஆகிறது' என்று இருந்தது. அதைப் படித்ததும் நீங்கள் முகத்தை ஒரு மாதிரி வைத்துக்கொள்வீர்கள். துக்கம் விசாரிக்க வந்தவர்கள் வைத்துக்கொண்ட அதே முகம். வேண்டாம். இரண்டாவது ஆரம்பம் மழையில் தொடங்கியது. அன்று மழை பெய்யவில்லை.

கதை எப்படி வந்தது என்று முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நான் கதை எழுத உட்காரவில்லை. ஒரு சமையல் குறிப்பும் வீட்டு அலங்காரம் பற்றி ஒரு கருத்தும் எழுத உட்கார்ந்தேன். அரைப் பக்கம். நூற்றைம்பது சொல். சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்? நூற்றைம்பது சொல் வரவில்லை. இது வந்தது.

'அவன்' என்பது நான்தான். 'நான்' என்று எழுதினால் இரண்டாவது வரியில் கை நின்றுவிடுகிறது. 'அவன்' என்றால் எழுந்து பால் காய்ச்சுகிறான்.

2

அவன் மனைவி ஒரு வாரப் பத்திரிகையில் நான்கு ஆண்டுகள் 'அடுப்பும் சுவரும்' என்ற அரைப் பக்கத்தை எழுதினாள். முப்பத்தெட்டாம் பக்கம். மேலே ஒரு சமையல் குறிப்பு, கீழே வீட்டு அலங்காரம் பற்றி ஒரு கருத்து.

'வெங்காயத்தை அவசரப்படுத்தாதீர்கள். உங்கள் பசி அதற்குத் தெரியாது.'

'நாலு சுவருக்கும் ஒரே நிறம் அடித்தால் டப்பாவுக்குள் குடியிருப்பது போலிருக்கும். ஒரு சுவருக்கு மட்டும் அடியுங்கள். மிச்ச மூன்றும் வேடிக்கை பார்க்கட்டும்.'

'அடிப்பிடித்த பாத்திரத்தைச் சுரண்டாதீர்கள். தண்ணீர் ஊற்றி ஊறவிடுங்கள். பாத்திரத்தோடு சண்டை போட்டு ஜெயித்தவர் யாருமில்லை.'*

அவளிடம் கருத்துக்குப் பஞ்சமில்லை. கருத்தை மாற்றிக்கொள்ளும் பழக்கம்தான் இல்லை.

அந்தப் பக்கத்தில் அவனும் வருவான். அவன் மூக்குக் கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிப்பவன். அதனால் 'எங்கள் வீட்டுக் கண்ணாடி' என்று எழுதுவாள். வீட்டிலும் கண்ணாடி என்றுதான் கூப்பிட்டாள். 'எங்கள் வீட்டுக் கண்ணாடிக்கு அடுத்த தெருப் பலகையில் இருப்பது தெரியும். மூக்குக்கு நேரே பொங்கும் பால் தெரியாது.' கடைக்கு வரும் வாசகிகள் பரிசோதனை நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, எழுத்தைப் படிக்காமல் அவனையே பார்ப்பார்கள். "பாலைப் பொங்க விடறவர் நீங்கதானே?"

ஒரு வாரம் கீழ்ப் பாதியில் இப்படி எழுதினாள்: 'ஊதா நிறப் பிளாஸ்டிக் ரோஜாக்களைக் கண்டால் எனக்குப் பூ தெரிவதில்லை, தூசிதான் தெரிகிறது. வாடத் தெரியாதது பூ ஆகாது.'

மறுநாள் அவளுடைய அம்மா கூப்பிட்டார். ஒலிபெருக்கியில் போட்டுவிட்டு அவள் பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள்.

"என் வீட்டைத்தானே எழுதியிருக்கே?"

"பொதுவா எழுதினேன்மா."

"பொதுவா ஊதா ரோஜா யார் வீட்டுல இருக்கு, சொல்லு பாப்போம்."

"பேரா போட்டேன்?"

"பேர் வேற போடணுமா? கீழ்வீட்டுக்காரி வாய்விட்டுப் படிச்சுக் காட்டறா. படிச்சு முடிச்சுட்டு ஜாடியைப் பாக்கறா."

"எழுதினதை மாத்த முடியாதும்மா."

"மாத்த வேண்டாம். நீ எழுது. நான் பேசல."

நாற்பத்தொரு நாள் இருவரும் பேசவில்லை. நாற்பத்திரண்டாம் நாள் அவள் பெயிண்ட் கடையில் மயங்கி விழுந்தாள். மூளையில் ரத்தக்குழாய் வெடித்திருந்தது. மூன்று நாள் ஆஸ்பத்திரி. கண் திறக்கவில்லை. ஒரு வார்த்தை பேசவில்லை.

[* அந்த வாணலி அன்று அடுப்பில் இருந்தது. ஏழு மாதமாக ஊறுகிறது. தினமும் தண்ணீர் மாற்றுகிறேன். சுரண்டவில்லை.]

3

ஆஸ்பத்திரி நடைவழியில் அத்தை கேட்டார். (அவளுடைய அம்மாவை நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன். அவனும்.)

"கடைசியா உங்ககிட்ட ஏதாவது சொன்னாளா, மாப்பிள்ளை?"

சொன்னாள். அன்று காலை பெயிண்ட் கடைக்குக் கிளம்பும்போது. ஆனால் அது ஒரு அம்மாவிடம் கொடுக்கிற மாதிரியான வாக்கியம் அல்ல. அத்தை இடது கையால் வலது கை விரல்களைப் பிடித்துக்கொண்டிருந்தார். அந்த விரல்களைப் பார்த்தால் யாருக்குமே

(இந்த வாக்கியம் வேண்டாம். சாக்குச் சொல்கிறது.)

"'அம்மா வீட்டுப் பூ அழகாத்தான் இருக்கு, அதை அம்மாகிட்ட சொல்லணும்'னு சொன்னா அத்தை."

அத்தை அழவில்லை. "சொன்னாளா?" என்றார். பெஞ்சில் உட்கார்ந்தார். புடவையை முழங்கால் மேல் நீவிவிட்டுக்கொண்டார். "சொன்னாளா," என்றார் மறுபடியும்.

வாயிலிருந்து விழுந்த பொய் அதோடு போயிருக்கும். போகவில்லை. அடுத்த மாதம் வீட்டுக்கு வந்தது, ஒரு துணிப்பையில். பன்னிரண்டு ஊதா ரோஜாக்கள், ஜாடியோடு.

"அவளுக்குப் பிடிச்சதுன்னு தெரிஞ்சப்புறம் என் வீட்டுல வெச்சுக்க மனசு வரல. இது இனிமே இங்கதான் இருக்கணும்."

கூடத்துச் சுவர் முன்னால் இருந்த மேஜையில் வைத்தார். அந்தச் சுவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவளே உருளை பிடித்துப் பாதி அடித்தாள், பெயிண்ட் தீர்ந்துபோயிற்று. இன்னொரு டப்பா வாங்கத்தான் போனாள். சுவரில் உருளை நின்ற இடம் அப்படியே இருக்கிறது, ஆள் உயரத்தில் ஒரு கோணல் கோடு. துருப்பிடித்த நிறம் என்று அவன் சொல்லியிருந்தான். "காய்ஞ்ச செங்கல் இது. போய் உன் கண்ணை நீயே டெஸ்ட் பண்ணிக்கோ" என்றாள் அவள். காய்ந்த செங்கலுக்கு முன்னால் இப்போது ஊதா ரோஜா. அவள் இருந்திருந்தால் இரண்டையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு

3 (மறுபடியும்)

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஞாயிறு காலை அத்தை வருவார். ஜாடியை அரை அங்குலம் நகர்த்துவார். பிறகு கேட்பார்.

"இன்னொரு தடவை சொல்லுங்க. எப்படிச் சொன்னா?"

அவன் சொல்வான்.

"நின்னுட்டுச் சொன்னாளா, உக்காந்துட்டா?"

"நின்னுட்டு."

"போன தடவை செருப்பு மாட்டிட்டே சொன்னான்னீங்க."

"நின்னுட்டுத்தான் மாட்டினா அத்தை."

"அழகா இருக்குன்னு சொன்னாளா, நல்லா இருக்குன்னு சொன்னாளா? ரெண்டையும் மாத்தி மாத்தி சொல்றீங்க."

"ரெண்டும் ஒண்ணுதானே."

"எப்படி ஒண்ணாகும்? நல்லா இருக்குங்கறது அடுத்த வீட்டுக்காரி புடவைக்குச் சொல்றது."

"அழகா இருக்குன்னுதான் சொன்னா."

ஒரு பொய்க்குக் காவலாக ஒன்பது பொய் வைக்க வேண்டும் என்பார்கள். அவன் பதினொன்று வைத்திருந்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை அத்தை முடிவாகச் சொன்னார்:

"பத்திரிகையில போட்டுடுங்க. அச்சுல வந்துட்டா மாறாது. அவ என்னைச் சொன்னதும் அந்தப் பக்கத்துலதானே வந்துச்சு? இதுவும் அங்கயே வரட்டும். கீழ்வீட்டுக்காரி இதையும் வாய்விட்டுப் படிக்கட்டும்."

4

திங்கட்கிழமை பத்திரிகை ஆசிரியர் கூப்பிட்டார். ஓய்வு பெறும் வயதுப் பெண்மணி, யாரையும் தம்பி என்பார்.

"ஏழு மாசமா பழைய குறிப்பையே திரும்பப் போட்டு ஓட்டறேன் தம்பி. தீர்ந்துபோச்சு. கடைசியா ஒண்ணு நீ எழுதிக் குடு. வெள்ளிக்கிழமை பக்கம் முடிக்கணும்."

"எனக்குச் சமைக்கத் தெரியாதும்மா."

"நாலு வருஷமா உனக்குத் தெரியாததை வெச்சுத்தானே பக்கமே ஓடுச்சு?"

அவன் சிரித்தான். ஏழு மாதத்தில் முதல் முறை என்று எழுதலாம். இல்லை. கடையில் தினமும் சிரிக்கிறான், அது வேலை.

"உன் மாமியார் பேசினாங்க. கடைசியா ஏதோ பூவைப் பத்திச் சொன்னாளாமே? அதையே போட்டுடு. பக்கத்துக்கும் ஒரு முடிவாச்சு."

அதுதான் சிக்கல். அவளிடமிருந்து மிச்சமிருப்பவை ஒரு பாதிச் சுவர், ஒரு வாணலி, இருநூற்றுச் சொச்சம் கருத்துகள். சேலைகளை அத்தை எடுத்துப் போனார். தலையணை வாசனை இரண்டாம் மாதமே போய்விட்டது. அவள் எழுதிய பக்கத்தில், அவள் பெயரில், அவள் சொல்லாததைப் போட்டால், கடைசியில் அங்கே நிற்பது வேறொருத்தி. பிளாஸ்டிக் பூவை அழகு என்று சொன்ன யாரோ ஒருத்தி. அவளை அவனுக்குத் தெரியாது.

போடாவிட்டால் அத்தை காரணம் கேட்பார். பன்னிரண்டாவது பொய் அவனிடம் இல்லை.

6

(ஐந்தில் ஆஸ்பத்திரி இருந்தது. எடுத்துவிட்டேன்.)

கடையில் என் வேலை இதுதான். கண்ணுக்கு முன்னால் ஒரு வில்லையைப் போடுவேன். பிறகு வேறொன்று. "இது தெளிவா, முதல்ல போட்டது தெளிவா?" அவசரமில்லை, பார்த்துச் சொல்லுங்கள்.

முதல் வில்லை. அவன் வியாழக்கிழமை அவளுடைய நோட்டைப் புரட்டினான். கடைசிப் பக்கத்தில் பென்சிலில் இருந்தது: 'பிளாஸ்டிக் பூவில் தூசி படிந்தால், ஒரு பையில் கல் உப்போடு போட்டுக் குலுக்கவும். அம்மாவிடம் சொல்ல வேண்டும்.'

படித்ததும் நெஞ்சு லேசாகிறதா? எனக்கும் ஆயிற்று. அதனால்தான் சந்தேகம் வந்தது. நோட்டில் அப்படி எதுவும் இல்லை. நான் எழுதியது. உப்புக் குறிப்பு மட்டும் உண்மை, கடைக்கு வந்த ஒரு வாசகி சொன்னது. செய்து பார்த்தேன். தூசி போகிறது. ஜாடியை என்ன செய்வது என்று குறிப்பில் இல்லை.

இரண்டாவது வில்லை. அவன் அத்தை வீட்டுக்குப் போய், "அவ அப்படிச் சொல்லல அத்தை," என்கிறான். அத்தை அவன் தட்டில் இன்னும் கொஞ்சம் சோறு போட்டுவிட்டு, "தெரியும் மாப்பிள்ளை," என்கிறார்.

கதைகளில் மாமியார்கள் 'தெரியும்' என்பார்கள். என் மாமியாருக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை இரண்டு பேருந்து மாறி வந்து கேட்க மாட்டார்.

மூன்றாவது. அவன் மீதிச் சுவரை அடித்து முடிக்கிறான். பூவைப் பற்றி எதுவும் எழுதாமல் சுவரைப் பற்றி எழுதுகிறான். நல்ல முடிவுதான். ஆனால் எந்த டப்பா, எந்த எண் என்று அவளுக்குத்தான் தெரியும். கடைக்காரரிடம் கேட்கலாம். அந்தக் கடைக்குள் நான் இன்னும் போகவில்லை.

7

வியாழன் மாலை ஐந்து மணி. மேஜையில் இரண்டு தாள்கள். ஒன்றில் நூற்றைம்பது சொல், உப்புக் குறிப்பு மேலே, ஊதா ரோஜாக்கள் கீழே, கடைசி வரியில் 'அழகாகத்தான் இருக்கிறது'. எழுதிவிட்டேன், பத்து நிமிடம்கூட ஆகவில்லை. அவள் நடை எனக்கு வருகிறது. அது தெரியாமலே இருந்திருக்கலாம்.

இன்னொன்று இது.

இதை நிச்சயம் அனுப்புவேன். கதைப் பக்கத்தில் போடச் சொல்வேன். அத்தை கதை படிப்பதில்லை. "நடக்காததைப் படிச்சு என்ன பண்றது?" என்பார். குறிப்புகளை மட்டும் படிப்பார். அதனால் நடந்ததைக் கதையில் வைக்கிறேன், அங்கேதான் பத்திரமாக இருக்கும். கீழ்வீட்டுக்காரி கதை படிப்பவராக இருந்தால், அம்மா, உங்களிடம் ஒன்று கேட்கிறேன். இதை வாய்விட்டுப் படிக்காதீர்கள்.

முதல் தாளை அனுப்புவேனா என்று தெரியவில்லை. உங்களுக்குத் தெரியும். பத்திரிகை உங்கள் கையில் இருக்கிறது. முப்பத்தெட்டாம் பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். அங்கே பூ இருக்கலாம். வெற்றிடம் இருக்கலாம். எது இருந்தாலும், எது தெளிவு என்று நீங்கள் சொல்லுங்கள். எனக்கு இரண்டும் மங்கலாகத்தான் தெரிகின்றன.

ஒன்று பாக்கி. இதற்கு 'அவன்' வேண்டாம்.

அந்தச் சனிக்கிழமை. பதினோரு மணி. வெயில் பாதிச் சுவர் வரை வந்திருந்தது. அடுப்பில் வெங்காயம். அவள் கையில் நிற அட்டை, காதோரம் காய்ந்த செங்கல் நிறத்தில் ஒரு தீற்றல். ஒரு கையால் நிலையைப் பிடித்துக்கொண்டு செருப்பு மாட்டினாள். நான் கரண்டியோடு நின்றேன். வெங்காயத்தின் ஓரம் சிவக்கத் தொடங்கியிருந்தது. "எப்ப இறக்கணும்?" என்று கேட்டேன். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. படியில் கால் வைத்துவிட்டிருந்தாள்.

"இப்ப இல்ல. தீயைச் சின்னதா வை, கண்ணாடி. நான் வந்து பாத்துக்கறேன்."