சுண்ணாம்பு அடித்த அணை

"அந்தச் சுவத்துக்கு மட்டும் ஏன் மாமா வருஷா வருஷம் சுண்ணாம்பு அடிக்கிறீங்க?"

தையல்காரியின் ஏழு வயது மகள் கேட்ட கேள்வி இது. கேட்ட நேரம்தான் சரியில்லை. துணி ஆலையின் முதலாளி வருடத்துக்கு ஒருமுறை அணையைப் பார்க்க வருவார்; அன்றுதான் கேட்டுவைத்தாள்.

ஆலைக்குத் தண்ணீர் தந்த அந்த அணையின் அடிச்சுவரில் கசிவு இருந்தது. முதலாளி வருவதற்கு முந்தின நாள் பாசியைச் சுரண்டிவிட்டு வெள்ளையடிப்பது ஆலையின் வழக்கம். கசிவை அடைக்க வேண்டுமென்றால் தண்ணீரை வடித்து ஆலையை நிறுத்த வேண்டும். சுண்ணாம்பென்றால் ஒரு வாளியோடு போயிற்று.

முதலாளி மேனேஜரைப் பார்த்தார். மேனேஜர் டைம்கீப்பரைப் பார்த்தார். டைம்கீப்பருக்கு ஊர் வைத்த பெயர் ஜால்ரா. மேனேஜர் கழித்துப்போட்ட கறுப்புக் கோட்டைக் கொளுத்தும் வெயிலிலும் கழற்றமாட்டார். தும்மல் வந்தால்கூட மேனேஜர் முதலில் தும்மட்டும் என்று அடக்கிவைத்திருப்பார்.

"அழகுக்குத்தான் பாப்பா. உங்கம்மா பவுடர் பூசிக்கிறதில்லையா?" என்றார் ஜால்ரா.

முதலாளி சிரித்தார். ஆகவே மேனேஜர் சிரித்தார். ஆகவே எல்லோரும் சிரித்தார்கள். தையல்காரி மட்டும் மகளின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தாள். "இந்தாளு மூஞ்சியில இனிமே முழிக்கவே கூடாது."

அந்த மழைக்காலத்தில் அணை உடைந்தது.

சுவர் பிளந்த செய்தி காலையிலேயே மேனேஜருக்கு வந்துவிட்டது. அவரும் சும்மா இருந்துவிடவில்லை. தன் பியானோவை மேட்டுக்கு ஏற்றினார். நாய்களை ஏற்றினார். அபாயச் சங்கு ஊதச் சொல்லத்தான் மறந்துவிட்டார். ஊதினால் தறிகள் நின்றுவிடுமே!

மதியம் வெள்ளம் தெருவுக்குள் வந்தபோது, பள்ளி விட்டு வந்த குழந்தை ஆலை வாசல் தூணைக் கட்டிக்கொண்டு அலறினாள். தையல்காரி தன் வீட்டு மாடி ஜன்னலிலிருந்து பார்த்தாள். கீழே படிக்கட்டைத் தண்ணீர் மூடியிருந்தது. எதிர்ப்பக்கப் படியில் ஜால்ரா நின்றிருந்தார். கோட்டைக் கழற்றினார், அவர் கழற்றி அன்றுதான் ஊர் பார்த்தது. ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு கோட்டை வீசினார். குழந்தை கோட்டின் கையைப் பற்றினாள். அவள் படியைத் தொட்டதும் கோட்டின் தோள் தையல் விட்டுப் போயிற்று.

தலைமுதல் கால்வரை அந்தக் கோட்டைச் சுற்றிக்கொண்டு, அதன் பிய்ந்த கையைப் பிடித்தபடி மகள் வீடு வந்து சேர்ந்தாள்.

பலரின் பிள்ளைகள் வந்து சேரவில்லை.

விசாரணையில் மேனேஜர் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இது கடவுளோட செயல். நாம என்னங்க பண்ண முடியும்?" அணைக்கு ஒரு கூடை மண் போட மனம் வராதவர்கள், பழியை மட்டும் கடவுள் தலையில் கூடை கூடையாகக் கொட்டினார்கள்.

"சுவர்ல கசிவு எதாவது பாத்தீங்களா?" என்று அதிகாரி ஜால்ராவைக் கேட்டார்.

ஜால்ரா மேனேஜரைப் பார்த்தார். "இல்லீங்க. ஐயா சொன்னதுதாங்க."

வெளியே வந்தவர்மேல் யாரோ துப்பினார்கள். தையல்காரிக்கும் வாயில் எச்சில் ஊறியது. வீட்டுக்கு வந்தவள் கோட்டை எடுத்து அடுப்பில் திணிக்கப் போனாள்.

"அது மாமாவோடதும்மா!" என்றாள் மகள்.

"மாமாவாம் மாமா! உனக்கு வேற ஆளே கெடைக்கலையா, புடிச்சு ஏற?"

"அவரு கைதான் வழுக்கிருச்சு. அப்பவும் விடல."

தையல்காரி கோட்டை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். காலரில் வரிசையாகப் பல் தடம். கை வழுக்கியதும் வாயால் கவ்வியிருக்கிறார். பொய்க்கு ஆமாம் போட்ட அதே வாய்.

கடவுளே, இந்த வாயைத்தானா நீ எடுத்துக்கொண்டாய் என்று கேட்டாள். பிறகு ஊசியில் நூலை இரட்டையாகக் கோத்தாள்.

ஊரே செத்தவர்களுக்காகப் பிரார்த்தனைக்குப் போயிருந்த நேரத்தில் ஜால்ராவின் வீட்டு வாசலுக்குப் போனாள். உள்ளே அவர் இருமுவது கேட்டது. தைத்த கோட்டைக் கதவுக் கைப்பிடியில் மாட்டினாள். காலர் உள்ளே மடங்கியிருந்தது, அதை நிமிர்த்திவிட்டாள். கதவைத் தட்டாமல் பிரார்த்தனைக்கு நடந்தாள்.