மூடிக்கு உள்பக்கம்

சொத்தைப் பிரிக்கிறவர்களுக்குக் கொஞ்சமாவது மூளை வேண்டாமா? வீரையன் செத்த மறுமாசமே அவர் பிள்ளைகள் இரண்டு பேரும் நிலத்தைக் குழி கணக்கில் கூறுபோட்டுக்கொண்டார்கள். அது தொலையட்டும். பாட்டுப் பதிவு செய்ய அவர் வைத்திருந்த பழைய மிக்ஸிங் போர்டையும் அல்லவா கூறுபோட்டார்கள். போர்டு மூத்தவன் வைரக்கண்ணுவுக்கு. அதற்குக் கரண்ட் கொடுக்கும் பவர் சப்ளை தனிப் பெட்டியாக இருந்ததால், அது சின்னவன் மதிவாணனுக்கு. ஒன்றில்லாமல் மற்றது வெறும் இரும்பு என்று பஞ்சாயத்தில் சொன்னவள் நடுவில் பிறந்த மேகலா ஒருத்திதான். கட்டிக்கொடுத்த பெண் பேசக்கூடாது என்று அவள் வாயை அடைத்து, விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்தை மட்டும் வாங்கிக்கொண்டார்கள்.

எட்டு வருஷமாகப் போர்டு ஒரு வீட்டில், பெட்டி ஒரு வீட்டில். அண்ணன் தம்பிக்குள் பேச்சுவார்த்தை கிடையாது. இப்போது சென்னையில் ஸ்டூடியோ வைத்திருக்கும் ஒருவர் அதை விலைக்குக் கேட்கிறார். ஓடிக் காட்டினால்தான் எடுப்பாராம். உடனே பாசம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. இரண்டு பேரும் ஒரே பைக்கில் வந்து இறங்கினார்கள், திருப்பனந்தாளில் மேகலா ஆம்பிளிஃபயரும் இன்வெர்ட்டரும் பழுது பார்க்கிற கடை வாசலில்.

"உள்ள இருக்கிற கெப்பாசிட்டரெல்லாம் மாத்தணுமாம்க்கா. வெள்ளிக்கிழமை அவரு வர்றாரு" என்று மதிவாணன் பெட்டியை மேஜைமேல் வைத்தான்.

அந்தப் போர்டு மேகலாவுக்கு வேண்டும். கடைக்குப் பின்னால் ஓர் அறையை ஒழித்து, ஊர் நாதஸ்வரக்காரர்களையும் பாடுகிறவர்களையும் கூப்பிட்டுப் பதிவு செய்ய வேண்டும் என்று எத்தனை வருஷத்து ஆசை. அந்தப் பெட்டிக்கு உயிர் கொடுத்ததே அவள்தான். பதினெட்டு வயது அப்போது. அப்பாவுக்குக் கண்ணில் புரை. பொங்கலுக்கு முன்னால் மூன்று நாள் தனியாக உட்கார்ந்து, முப்பத்திரண்டு கெப்பாசிட்டரையும் எடுத்துவிட்டுப் புதுசு வைத்து ஈயத்தால் பற்றவைத்தாள். வைரக்கண்ணு என்ன செய்தான்? கட்டிலில் படுத்துக் கிரிக்கெட் கேட்டான். ஃப்யூஸ் போடத் தெரியாத மகராசன்.

அப்பாவுக்கு ஒரு பழக்கம் உண்டு. எந்தப் பெட்டியைப் பழுது பார்த்தாலும் மூடியின் உள்பக்கத்தில் தேதியையும், வேலை செய்தவர் பேரையும் மார்க்கரில் எழுதிவிடுவார். அன்றைக்கும், "நான் மூடிக்கிறேன், நீ போயி உலைய வைம்மா" என்று அவளை எழுப்பிவிட்டார். நாலே மாசத்தில் கல்யாணம். அதற்குப் பிறகு அந்தப் பெட்டியை யாரும் திறக்கவில்லை.

"செஞ்சு தர்றேண்ணே. ஆனா ஒண்ணு" என்றாள் மேகலா. "மூடிய உன் முன்னாடியே திறக்கிறேன். உள்ள அப்பா கையால என் பேரு எழுதியிருந்தா, போர்டும் பெட்டியும் எனக்கு. சென்னைக்காரரு குடுக்கிற விலைய நானே தவணையில குடுத்துடுறேன். என் பேரு இல்லன்னா கூலியே வேணாம், இத பத்தி இனிமே வாயத் திறக்க மாட்டேன்."

மதிவாணன் அண்ணனைப் பார்த்தான். வைரக்கண்ணு யோசிக்கவே இல்லை. "சரி, திற" என்றான்.

நாலு ஸ்க்ரூவையும் கழற்றி மூடியைத் திருப்பினாள். புரை விழுந்த கண்ணோடு எழுதிய எழுத்து, பெரிது பெரிதாகக் கோணிக்கொண்டு போயிருந்தது.

'13.1.2000. கெப்பாசிட்டர் எல்லாம் மாற்றியது: வைரக்கண்ணு.'

மேகலா இரண்டு தடவை படித்தாள். அண்ணன் தம்பிகள் எப்படிப்பட்டவர்கள் என்பது அவளுக்குத் தெரியும். ஆனால் அப்பாவுக்குத் தன்னைத் தெரியும் என்றுதானே இத்தனை வருஷம் மனசைத் தேற்றிக்கொண்டிருந்தாள்.

"உனக்கு முன்னாடியே தெரியுமாண்ணே?"

"எழுதறப்ப பக்கத்துலதான் இருந்தேன்" என்றான் வைரக்கண்ணு, தரையைப் பார்த்துக்கொண்டு. "நாளைக்குத் தொழில நடத்தப்போறவன் இவன்தானே, அவ வேற வீட்டுக்குப் போறவதானேன்னு அப்பா சொன்னாரு. நான் என்ன பண்றது?"

என்ன பண்றதா? நான் செய்யவில்லை என்று ஒரு வார்த்தை சொல்ல நாக்கா அழுகிவிடும்? சொன்னது சொன்னதுதான். மின்விசிறியை நிறுத்திவிட்டு மேகலா வேலைக்கு உட்கார்ந்தாள்.

கெப்பாசிட்டர்கள் தலை உப்பி, அடியில் பழுப்பாகக் கசிந்திருந்தன. ஒவ்வொன்றாக எடுத்தாள். கசிந்த இடத்தைத் தின்னரால் துடைத்தாள். சூடு தாங்குகிற நல்ல சரக்காகப் பார்த்து, பிளஸ் மைனஸ் சரிபார்த்து வைத்தாள். அழுதுகொண்டேதான் செய்தாள், ஆனால் ஒரு பற்றவைப்புகூடப் பிசகவில்லை. சாயங்காலம் குண்டு பல்பைத் தொடரில் போட்டுக் கரண்ட் கொடுத்தாள். பல்பு ஒரு கணம் எரிந்து மங்கியது; எங்கும் ஷார்ட் இல்லை. மீட்டரில் வோல்டேஜ் இம்மி அசையாமல் நின்றது.

மதிவாணனுக்குத்தான் பொறுக்கவில்லை. "அக்கா, தின்னர்தான் இருக்கே. அத அழிச்சிட்டு உன் பேர எழுதிடு. அண்ணன் ஒண்ணும் சொல்லாது."

பஞ்சை நனைத்தாள். மூடியின் ஓரத்துத் தூசியை எல்லாம் துடைத்தாள். எழுத்துக்குப் பக்கத்தில் வந்ததும் கை நின்றுவிட்டது. அப்பா கையால் எழுதியது என்று அவளிடம் வேறு ஒரு துண்டுக் காகிதம்கூடக் கிடையாது. பஞ்சைத் தூக்கிப் போட்டுவிட்டு மூடியை வைத்து நாலு ஸ்க்ரூவையும் முறுக்கினாள்.

வைரக்கண்ணு பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலில் தயங்கினான். "யாரு செஞ்சதுன்னு சென்னைக்காரரு கேப்பாரு. உன் பேரச் சொல்லவா?"

"எதுக்குண்ணே?" என்றாள் மேகலா. "யாரு செஞ்சதுன்னு அப்பாவே உள்ள எழுதி வச்சிருக்காருல்ல."