மேகத்துக்குள் இரண்டு பேர்

பல் டாக்டருக்குப் பயம் என்பதே கிடையாது என்று அவளிடம் பல் பிடுங்கிக்கொண்ட அத்தனை பேரும் சத்தியம் செய்வார்கள். அவளும் அதை நம்பிக்கொண்டுதான் இருந்தாள். ஆறு மாதத்துக்கு முன், வெளியே ஒன்றுமே தெரியாவிட்டாலும் கருவிகளை மட்டும் பார்த்து விமானம் ஓட்டலாம் என்ற தகுதிச் சான்றையும் வாங்கிவிட்டாள். சோதித்தவர் ஒரு குறைகூடச் சொல்லவில்லை. அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டு, நோயாளி வாயைத் திறந்துகொண்டு படுத்தால் நேரே கண்ணில் படுகிற இடத்தில் மாட்டினாள். அடக்கம் அவளுக்குக் கைவராத கலை.

ஆனால் ஒரு சங்கதி அவளுக்கு மட்டும்தான் தெரியும். பயிற்சி முழுக்கப் பளிச்சென்ற வெயில் நாட்களில் நடந்தது. நெற்றிக்கு மேல் ஒரு மறைப்பை மாட்டிக்கொண்டு, மேகத்துக்குள் இருப்பதாகப் பாவித்து ஓட்டினாள். நிஜ மேகத்துக்குள் அவள் ஒரு நிமிடம்கூட இருந்ததில்லை.

தங்கை ஒரு தீவில் குடியிருந்தாள். படகில் ஒரு முழு நாள். விமானத்தில் ஐம்பது நிமிடம். அவளுக்குக் குழந்தை பிறந்து ஏழு மாதமாகியும் பெரியம்மாக்காரி இன்னும் முகம் பார்க்கவில்லை. “சர்டிஃபிகேட் கைக்கு வரட்டும், நானே ஓட்டிட்டு வரேன்” என்று வாய்கிழியப் பேசியவள் இவள்தான். தீவின் தலைக்கு மேல் எந்நாளும் மேகம். மூன்று முறை நாள் குறித்து, மூன்று முறையும் “கிளினிக்ல திடீர்னு வேலைடி” என்று புளுகினாள். அதற்குப் பிறகு எப்போது வருகிறாய் என்று தங்கை கேட்பதையே விட்டுவிட்டாள். அதுதான் சுருக்கென்று தைத்தது.

“பக்கத்துலயே ஃப்ளையிங் கிளப் இருக்கே, சேர்ந்தா என்ன?” என்றார் வீட்டுக்காரர். கணக்கு வாத்தியார்.

“கத்துக்கறவங்க சேரலாம். நான்தான் பாஸ் பண்ணிட்டேனே.”

“பாஸ் பண்ணி என்ன பண்ணினே?” என்று நோட்டிலிருந்து தலையைத் தூக்காமலே கேட்டார். இரண்டு நாள் அவருடன் பேச்சுவார்த்தை இல்லை. மூன்றாம் நாள் சனிக்கிழமை. காலையில் ஒன்றும் சொல்லாமல் கிளப்புக்குக் கிளம்பினாள்.

கிளப் என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். தகரக் கூரை போட்ட கொட்டகை, ஸ்பிரிங் போன சோபா, சுவரில் வானிலைப் படம், வெளியே பொதுவான ஒரு நாலு சீட் விமானம். செயலாளர் ஒரு வக்கீலம்மா. புதிதாகச் சான்று வாங்கியவர் தனியாக மேகத்துக்குள் போகக் கூடாது. பழகிய ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து ரேடியோவையும் வரைபடத்தையும் கவனித்துக்கொள்ள வேண்டும். இது அவர் போட்ட சட்டம். பல் டாக்டருக்குக் கிளப்பின் பழைய ஆளான ஒரு பேக்கரிக்காரரை ஜோடி சேர்த்தார். பேக்கரிக்காரர் சோபாவில் சாய்ந்தபடி மேகங்களைப் பற்றி அளந்துகொண்டிருந்தார். சாட்சிகளைக் குடைந்தே தலை நரைத்த வக்கீலம்மா, அவரிடம் மட்டும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. கதைகள் அவ்வளவு ஜோர்.

“எங்க போகப் போறீங்க?” என்று கேட்டார் வக்கீலம்மா.

“தீவுக்கு” என்று அவள் வாய் முந்திக்கொண்டது.

நாளும் தோதாக இருந்தது. மழை இல்லை, இடி இல்லை. தீவில் மேகத்தின் அடிப்பக்கம் தரையிலிருந்து ஆயிரத்து ஐந்நூறு அடியில். இறங்க முடியாவிட்டால் திரும்பி வரத் தாராளமாகப் பெட்ரோல்.

பாதி வழியில் மேகம் வந்தது. முதலில் கண்ணாடியில் நாலு இழை, அப்புறம் ஒரேயடியாக வெள்ளை. இறக்கையின் நுனிகூடத் தெரியவில்லை. பத்து நிமிடம் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினாள். பிறகு, மறைத்து என்ன ஆகப் போகிறது என்று தோன்றியது.

“சார், ஒன்னு சொல்லணும். நிஜ மேகத்துக்குள்ள நான் வர்றது இதுதான் முதல் தடவை.”

பேக்கரிக்காரர் தொண்டையைக் கனைத்தார்.

“எனக்கும்தான் டாக்டரம்மா.”

“அப்போ அந்தக் கதையெல்லாம்?”

“கேட்ட கதைங்க. நீங்க தீவுன்னு அவ்வளவு தைரியமா சொன்னீங்களா, சரி, இந்தம்மா கரை கண்டவங்க, பக்கத்துல உட்கார்ந்து பார்த்துக்கலாம்னு வந்துட்டேன்.”

அவளுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். சிரிப்புதான் வந்தது. அவர் சிரிக்கிற நிலையில் இல்லை.

“நாம இடது பக்கமாச் சாயறோமே” என்று இருக்கையைப் பிடித்துக்கொண்டார்.

அவளுக்கும் அப்படித்தான் இருந்தது. உடம்பு மொத்தமும் இடது, இடது என்று கத்தியது. கருவியைப் பார்த்தாள். இறக்கைகள் மட்டமாக இருந்தன.

“சாயல சார். காதுக்குள்ள அப்படித்தான் தோணும். டயலைப் பாருங்க, வெளிய பார்க்காதீங்க.” நோயாளியிடம் பேசுகிற அதே குரல். அதைக் கேட்டு அவளுக்கே தெம்பு வந்தது.

“டயலைத்தான் பார்க்கறேன்” என்றார் அவர், சற்றுத் தெளிந்து. “உயரம் இருநூறடி கூடியிருக்கு.”

கூடித்தான் இருந்தது. அவருக்குத் தைரியம் சொல்கிற மும்முரத்தில் கோட்டை விட்டிருந்தாள். சரிசெய்தாள். அதன் பிறகு இருவருக்கும் வெட்கம் விட்டுப்போனது. அவர் எண்களை உரக்கப் படித்தார். அவள் திருப்பிச் சொன்னாள். ஒருவர் விட்டதை மற்றவர் பிடித்தார். தனியாக வந்திருந்தால் அந்த இருநூறடியைச் சொல்ல ஆள் இருந்திருக்காது என்பது அவளுக்கு உறைத்தது. கரை கண்டவர் யாராவது பக்கத்தில் இருந்திருந்தால், எல்லாவற்றையும் அவர் தலையில் கட்டிவிட்டுச் சும்மா இருந்திருப்பாள் என்பதும் உறைத்தது.

ஆயிரத்து ஐந்நூறு அடியில் மேகம் விலக, ஓடுபாதை நேர் எதிரே கிடந்தது. கொஞ்சம் துள்ளித்தான் இறங்கினாள். பேக்கரிக்காரர் இரண்டு கையாலும் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“வக்கீலம்மாகிட்ட நானே உண்மையைச் சொல்லிடறேன். எப்படித் திரும்பிப் போறதுன்னும் அவங்களையே கேட்டுக்குவோம்.”

“சேர்ந்தே சொல்லுவோம்” என்றாள்.

போன் செய்த கால் மணியில் தங்கை வந்துவிட்டாள், குழந்தையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு. முகத்தில் சிரிப்பும் இல்லை, கோபமும் இல்லை.

“கிளினிக்ல வேலை இல்லையாக்கா?”

“என்னிக்குமே இல்லடி. பொய் சொன்னேன். மேகத்துக்குப் பயந்துக்கிட்டேன்.”

தங்கை அண்ணாந்து வானத்தைப் பார்த்தாள். “அதுக்கு அடியிலதானே நாங்க தினமும் இருக்கோம்.”

பல் டாக்டருக்குக் கண் நிறைந்துவிட்டது. தங்கை குழந்தையை அவள் கையில் கொடுத்தாள். புது முகத்தைக் கண்ட குழந்தை வாயைப் பிளந்து அழுதது. கீழ் ஈறில் அரிசி மாதிரி ஒரு பல்.

“போன வாரம் வந்துச்சு. உனக்குச் சொல்லல” என்றாள் தங்கை.

அவள் பாட்டில் தண்ணீரில் கையைக் கழுவி, விரலால் ஈறை மெல்லத் தடவினாள். பக்கத்தில் இன்னொன்று தட்டுப்பட்டது.

“அடுத்தது தயாரா இருக்கு. ரெண்டு வாரத்துல வந்துடும்.”

“நீ?”

“நானும்தான்.”