கறுப்பு ஊற்றாத போர்டு

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை பிறந்தது திண்டுக்கல்லில், ஒரு கல்யாணப் பந்தியில். கரண்ட் போய் ஜெனரேட்டர் ஓடியது. விளக்குகள் மூச்சு வாங்குவது போல ஏறி இறங்கின. "ஏ.வி.ஆர். போச்சு" என்றார் பக்கத்து இலைக்காரர். வோல்டேஜை ஒரே நிலையில் பிடித்து வைக்கும் சின்ன போர்டு அது என்று அவரே விளக்கினார். எனக்கு அதற்குமேல் ரசம் இறங்கவில்லை.

2

முதல் வரி: "பிரான்சிஸ் தன் பட்டறையில் சோகமாக..."

(அடித்துவிட்டேன். பிரான்சிஸுக்குச் சோகம் தானாக வந்து ஒட்டிக்கொள்கிறது. எனக்கு ஜெயிக்கிற ஆள் வேண்டும்.)

இரண்டாவது முதல் வரி: 1997. சகாயசெல்விக்குக் கட்டைவிரலில் பாதி நகம்தான் இருந்தது.

இது சரி. கம்பெனிக்காரர்கள் ஏ.வி.ஆர். போர்டைச் செய்து, யாரும் பார்க்கக் கூடாதென்று மேலே கறுப்புப் பிசினை ஊற்றி இறுக்கிவிடுவார்கள். தன் சின்னக் கடையில் அதைச் சுரண்டிச் சுரண்டி ரிப்பேர் பார்த்ததில் போன நகம். இப்போது அவளே சொந்தமாக ஒரு போர்டு வடிவமைத்துவிட்டாள். மாட்டிப் பார்க்கத்தான் யாரும் ஜெனரேட்டர் தரவில்லை.

3

பேகம்பூர் தோல் ஷாப் முதலாளி ஹாமித் தந்தார், வேறு வழியில்லாமல். தெரு டிரான்ஸ்பார்மர் எரிந்து கிடந்தது. ஜெனரேட்டரின் கம்பெனி போர்டும் போய்விட்டது, புதிது உடனே வராது. தொட்டி நிறையப் பச்சைத் தோல். இன்று பதனிடும் டிரம் சுற்றாவிட்டால் அழுகிவிடும். அப்புறம் ஹாமித் தலையில் துண்டைப் போட்டுக்கொள்ள வேண்டியதுதான். இதில் தோற்றால் சகாயசெல்வியின் போர்டை ஊரில் எவரும் தொடவும் மாட்டார்கள்.

மாட்டினாள். விளக்குகள் ஆடாமல் எரிந்தன. டிரம் மோட்டாரைப் போட்டதும் மங்கின, பளீரென்று ஏறின, மறுபடி மங்கின. ஹாமித் மோட்டாரை நிறுத்தினார்.

"கடையில நல்லாத்தானம்மா இருந்துச்சு?"

"அங்க பல்பைப் போட்டுத்தான பாத்தேன் பாய். பல்பு சாது. மோட்டார் கெளம்புறப்ப அம்புட்டையும் இழுக்குது. என் போர்டு பதறிப்போயி அள்ளி அள்ளிக் குடுக்குது."

(இங்கே அவளை அழவைக்கலாமா என்று யோசித்தேன். கேட்டால் திட்டுவாள்.)

"செத்த பொறுங்க. இதுக்கு நிதானம் சொல்லித் தாரேன்."

ஜெனரேட்டரை அணைத்து, போர்டில் இன்னும் பெரிய கெப்பாசிட்டர் ஒன்றைப் பற்றவைத்தாள். மறுபடி ஓட்டினாள். ஹாமித் பிஸ்மி சொல்லி மோட்டாரைப் போட்டார். விளக்கு ஒருமுறை தலை குனிந்தது, நிமிர்ந்தது, அப்படியே நின்றது. டிரம் சுற்றியது. எழுதிக்கொண்டிருந்த எனக்கே எழுந்து நின்று கை தட்டவேண்டும் போல் அத்தனை சந்தோஷம்.

4

"மேல கறுப்பை ஊத்திரும்மா. எவனாச்சும் பாத்துச் செஞ்சிருவான்."

"செய்யட்டும் பாய். அடுத்தவ நகமாச்சும் மிஞ்சட்டும்."

தோல் ஷாப்பின் உப்புக் காற்றுக்காக நிறமில்லாத வார்னிஷை மட்டும் பூசினாள். உள்ளே இருப்பதெல்லாம் தெரிந்தது.

அதனால்தான் நானும் மேலே உள்ள அடைப்புக்குறிகளை மறைக்கவில்லை. பிரான்சிஸ் அங்கேயே கிடக்கட்டும்.

முடிவு? இரண்டு எழுதிப் பார்த்தேன். ஒன்றில் அவள் போர்டு பழனி லாட்ஜுகள் வரை போகிறது. இன்னொன்றில் கம்பெனிக்காரரே அவளைத் தேடி... இரண்டையும் கிழித்துவிட்டேன். தோல் ஷாப்பில் இன்னொரு டிரம் பாக்கி இருக்கிறது, முதலாவதைவிடப் பெரியது. ரெண்டும் சேர்ந்து ஓடுமா என்று ஹாமித் தயங்குகிறார். சகாயசெல்வி உங்களைப் பார்க்கிறாள்.

சுவிட்ச் உங்கள் பக்கம்தான் இருக்கிறது. பயப்படாமல் போடுங்கள்.