பாஸ்டரய்யாவின் சுருதி

பதினோரு வருஷமாக ஒரு ஞாயிற்றுக்கிழமைகூட நான் சபையில் பாயில் உட்கார்ந்ததில்லை. செஞ்சியில், திண்டிவனம் ரோட்டில், தகரக் கூரை போட்ட எங்கள் சபைக்குக் கீபோர்டு வாசிக்க நான் ஒருத்திதான். சனிக்கிழமை ராத்திரி ஆஸ்பத்திரியில் நர்ஸ் டூட்டி. விடிந்ததும் யூனிஃபார்மைக்கூட மாற்றாமல் மேலே ஒரு சால்வையைச் சுற்றிக்கொண்டு ஓடிவந்து வாசிப்பேன். என் மகள் பிரீத்திக்குப் பத்து வயசு. "ஒரு நாளாவது என் பக்கத்துல உக்காந்து பாடும்மா" என்று அவள் கேட்காத வாரம் கிடையாது. போன மாசம் முடிவு பண்ணினேன், போதும்டா சாமி என்று.

பழைய லேப்டாப் ஒன்று வாங்கினேன். சபையில் வழக்கமாகப் பாடும் ஆறு பாட்டையும் வீட்டிலேயே வாசித்து, தாளம் சேர்த்துப் பதிவு செய்ய உட்கார்ந்தேன். எந்தச் சுருதியில் போடட்டும் என்று பாஸ்டர் சாமுவேல் ஐயாவைக் கேட்டேன்.

"நமக்கு எப்பவும் ஒன்றரைக் கட்டைதானே சிஸ்டர். உங்களுக்குத் தெரியாததா?"

எனக்கா தெரியாது! மனுஷன் சொல்வதுதான் ஒன்றரை. கண்ணை மூடி ஜெபம் பண்ணிக்கொண்டே இருப்பார், திடீரென்று பாட்டை ஆரம்பித்துவிடுவார். ஒரு வாரம் அது இரண்டு கட்டை, ஒரு வாரம் ஒன்று. அவர் எங்கே நிற்கிறார் என்று மறு விநாடியே பிடித்து, சுருதியை ஏற்றி இறக்கும் பட்டனைத் தட்டி, பின்னாலேயே ஓடுவேன். இந்த ஓட்டம் அவருக்கே தெரியாது. மியூசிக் முதலில் வந்தால் அதைப் பிடித்துக்கொண்டு பாடிவிடுவார் என்று நினைத்து ஒன்றரையிலேயே பதிந்தேன். அங்கேதான் கோட்டை விட்டேன்.

லேப்டாப்பை முதன்முதலாகச் சபைக்குக் கொண்டுபோகும் வாரம், சனிக்கிழமை பார்த்து அமாவாசை. மேல்மலையனூர் கோயில் கூட்டத்தில் மயங்கினவர்கள், கால் மிதிபட்டவர்கள் என்று விடிய விடிய ஆள் வந்துகொண்டே இருந்தார்கள். காலையில் எனக்கு நிற்கத் தெம்பில்லை. இருந்தாலும் முன்னதாகவே போய் லேப்டாப்பை மிக்ஸரில் சொருகினேன். நெட்டை அணைத்தேன், ஆராதனை நடுவில் டிங் டிங் என்று மெசேஜ் வந்தால் மானம் போகும். மைக் செட் பார்க்கும் தங்கராஜ் அண்ணனைக் கூப்பிட்டுக் காட்டிக்கொடுத்தேன்.

"ஸ்பேஸ் பட்டன ஒரு தடவ தட்டுண்ணா, பாட்டு வரும். திரும்பத் தட்டுனா நின்னுடும்."

"அவ்ளோதானா? இதுக்கா இத்தினி வருஷம் கஷ்டப்பட்ட?"

"வாயக் கிளறாதண்ணா."

போய்ப் பெண்கள் பக்கம் பாயில் உட்கார்ந்தேன். பிரீத்தி என் கையைக் கட்டிக்கொண்டாள். பாஸ்டரய்யா வழக்கம்போலக் கண்ணை மூடினார், வழக்கம்போல மியூசிக்குக் காத்திருக்காமல் ஆரம்பித்தார். இரண்டரைக் கட்டை! தங்கராஜ் அண்ணன் பதறிப்போய்ப் பட்டனைத் தட்டினார். லேப்டாப் ஒன்றரையில் அது பாட்டுக்குப் போனது. பாதி சபை இவரோடு, பாதி சபை அதோடு. கேட்கச் சகிக்கவில்லை. பாஸ்டரய்யா கையைக் காட்டி நிறுத்தினார்.

"இன்னா சிஸ்டர், பொட்டி அபஸ்வரமா போவுது? நீங்களே வந்துடுங்க."

எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது. பிரீத்தி கையை விடவில்லை. எழுந்து போயிருக்க வேண்டியதுதான். ஆனால் தூக்கமில்லாத உடம்பிலிருந்து எங்கிருந்துதான் அந்தக் கோபம் வந்ததோ.

"பொட்டி சரியாத்தான் போவுது ஐயா. நீங்கதான் மேல போயிட்டீங்க."

"எப்பவும் இப்பிடி ஆனதில்லியே?"

"எப்பவும் நான் உங்க பின்னாடியே வந்துடுவேன் ஐயா. இன்னிக்கி என்னால முடியல."

பாஸ்டரய்யாவின் முகம் சுண்டிப்போனது. ஐயோ, அத்தனை பேர் முன்னால் சொல்லியிருக்கக் கூடாது என்று எனக்கு அழுகை வந்துவிட்டது. எழுந்திருக்கப் பார்த்தேன், அவர் கையமர்த்தினார்.

"உக்காருங்க சிஸ்டர். நீங்க உக்காருங்க."

லேப்டாப்பை மூடச் சொல்லிவிட்டு, கையைத் தட்டிக்கொண்டே அதே பாட்டை முதலிலிருந்து எடுத்தார். ஜனங்களும் கை தட்டினார்கள். நானும் பாட வாயைத் திறந்தேன். அவ்வளவுதான் எனக்கு ஞாபகம்.

பிரீத்தி உலுக்கி எழுப்பியபோது ஆராதனை முடிந்து எல்லோரும் செருப்புத் தேடிக்கொண்டிருந்தார்கள். சுவரில் சாய்ந்து, வாயைப் பிளந்துகொண்டு தூங்கியிருக்கிறேன். பக்கத்தில் உட்கார்ந்து பாட வந்த லட்சணம் இது.

"ஐயா எப்பிடிடீ பாடினாரு? சுருதி விலகிச்சா?"

"விலகாம? ஒவ்வொரு பாட்டும் ஒவ்வொரு எடத்துல ஆரம்பிச்சாரு. ஒரே பாட்டுல ரெண்டு தடவ ஏறிட்டாரு." என் வயிற்றில் பிறந்தவள், காது கூர்மை.

"ஜனங்க இன்னா பண்ணாங்க?"

"அவரு போற எடத்துக்கெல்லாம் அவங்களும் போனாங்க. யாருமே கண்டுக்கலம்மா. நல்லாத்தான் இருந்துது."

பதினோரு வருஷம்! பாவி, இந்தப் பிள்ளை பக்கத்தில் நான் என்றைக்கோ வந்து உட்கார்ந்திருக்கலாம்.